வறட்சியைப் பங்கிட்ட இரண்டு ஊர்கள்: கோவில்பட்டியும் தூத்துக்குடியும்

தூத்துக்குடி மாவட்டத்தில் அரசு இரண்டு விதமாக நிவாரணம் கொடுக்கிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல்காட்டு விவசாயிக்கு மழை பொய்த்தால் நிவாரணம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிக்கு மழை பெய்யும் காலத்துக்கு நிவாரணம். வேலையில்லாத அந்த மாதங்களுக்கென்று 5,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் தொடங்கியது. இரண்டுக்கும் ஒரே ஆட்சியர் அலுவலகம், ஒரே ஐப்பசி மேகம். அந்த மேகத்தை அண்ணாந்து பார்த்துக் கோவில்பட்டிக்காரர் கைகூப்பும் நேரத்தில் தூத்துக்குடிக்காரர் கையைப் பிசைகிறார்.

சுமார் அறுபது கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களையும் எதிரெதிராக நிறுத்துவது எளிது. ஒன்று உள்நாடு, ஒன்று கடற்கரை. ஒன்றின் மண் கறுப்பு, மற்றதன் விளைச்சல் வெள்ளை. ஒன்றில் அம்மன் கோயில் கோபுரம், மற்றதில் மாதா கோயில் கோபுரம். ஆனால் வரலாற்றையும் அடையாளச் சின்னங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கப் பார்க்க, எதிரிடை மெல்லக் கலைந்து உறவுமுறை தெரியத் தொடங்குகிறது. அந்த உறவைத் தொடங்கிவைத்தது காற்று.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் தன் ஈரத்தையெல்லாம் இறக்கிவிடுகிறது. செங்கோட்டைக் கணவாயைத் தாண்டும்போது மிஞ்சியிருப்பதைக் குற்றாலம் சாரலாக வாங்கிக்கொள்கிறது. அதற்குக் கிழக்கே கோவில்பட்டிக்கு வந்து சேர்வது வெறுங்காற்றும் புழுதியும்தான். கரிசல் விவசாயி அதனால் தென்மேற்குப் பருவத்தை நம்புவதில்லை. புரட்டாசி, ஐப்பசியில் வரும் வடகிழக்கு மழைக்காகவே விதையை எடுத்துவைத்திருப்பார். அதே காற்று இன்னும் கிழக்கே போய்த் தூத்துக்குடி உப்பளங்களின் மேல் வீசும்போது அங்கே அது செல்வமாகிறது. வெயிலோடு சேர்ந்து பாத்தியில் நிற்கும் கடல்நீரை உறிஞ்சி உப்பை விட்டுச்செல்கிறது. கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாறு வட்டாரத்தில் காற்றாலைகளைச் சுற்றவைப்பதும் இந்தக் காற்றுதான். ஓரிடத்தில் பயிரை மறுத்த காற்று மற்றோர் இடத்தில் உப்பை விளைவிக்கிறது.

ஆண்டு மழை சராசரியாக 700 மில்லிமீட்டரைக்கூட எட்டாத இந்த நிலப்பகுதியில் இரண்டு ஊர்களையும் பிணைத்த அடுத்த கயிறு தண்டவாளம். தென்னிந்திய ரயில்வே மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை பாதை போட்டு 1876-ல் வண்டி ஓடத் தொடங்கியபோது கோவில்பட்டி வழியிலே ஒரு நிலையம், தூத்துக்குடி கடைசி நிலையம். அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1841-ல், இங்கிலாந்தில் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்கு ரயில் போயிற்று. அங்கே ரயில் கடலுக்கு மனிதர்களைக் கொண்டுபோயிற்று. காற்று வாங்கவும் நீராடவும் வந்தவர்களுக்காக விடுதிகளும் நடைமேடைகளும் எழுந்தன. இங்கே ரயில் கடலுக்குக் கொண்டுபோனதில் முதலிடம் பருத்திப் பொதிக்கு. அதனால்தான் தூத்துக்குடிக் கடற்கரையில் பழைய ஆங்கிலேயர் காலத்துக் கட்டடங்களைத் தேடுகிறவர் கண்ணில் உல்லாச விடுதி படுவதில்லை. கிட்டங்கியும் பருத்தி பிரஸ்ஸும் ஆலையும்தான் படுகின்றன. மனிதர்களும் ஏறாமல் இல்லை. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடிக்குப் போக்குவரத்து மாறும்வரை, கொழும்புக்குக் கப்பலேறப் போனவர்களைச் சுமந்த போட் மெயில் கோவில்பட்டியைக் கடந்து தூத்துக்குடிக்குத்தான் போயிற்று.

ரயில் வந்த பிறகும் தூத்துக்குடியில் ஒரு சங்கடம் தீரவில்லை. கரையோரம் ஆழமில்லாத கடல் என்பதால் பெரிய கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளி நங்கூரம் போட்டு நின்றன. சரக்கைத் தோணியில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கரிசலில் இதற்கு நேர் எதிரான சங்கடம். அங்கே மண்ணுக்கு ஆழம் அதிகம். மழை பெய்தால் வண்டிச் சக்கரம் அச்சுவரை இறங்கும். கோடையில் கையை விட்டால் முழங்கைவரை போகும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். ஒரு பருத்திப் பொதி காட்டிலிருந்து கப்பலுக்குப் போய்ச்சேர இந்த இரண்டு தடைகளையும் தாண்ட வேண்டியிருந்தது. நடுவில் இருந்த தண்டவாளம் மட்டுமே சுலபமான தூரம்.

பருத்திதான் இரண்டு ஊர்களுக்கும் நவீன முகத்தைக் கொடுத்தது. 1860-களில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு பஞ்சு வரத்து நின்றபோது மான்செஸ்டர் ஆலைகளின் பார்வை இந்தியப் பருத்தியின் மேல் திரும்பியது. திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கும் மதிப்புக் கூடியது. தூத்துக்குடியில் ஹார்வி சகோதரர்கள் 1888-ல் கோரல் மில்லைத் தொடங்கினார்கள். கோவில்பட்டியில் 1901-ல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. உப்பமும் கருங்கண்ணியும் கலந்து கிடந்த மானாவாரிப் பருத்தியிலிருந்து நல்ல கருங்கண்ணியைப் பிரித்தெடுத்துப் பெருக்குவது அதன் ஆரம்பகாலப் பணிகளில் முக்கியமானது. பின்னாளில் அங்கிருந்து வெளிவந்த பருத்தி, சோள ரகங்களின் பெயர்கள் ஊரின் முதலெழுத்தைத் தாங்கி ‘கே’ என்று தொடங்கின. துறைமுகத்து ஊருக்கு ஆலை வந்தது, விளைகிற ஊருக்கு ஆய்வு வந்தது. பிறகு கோவில்பட்டிக்கும் ஆலைகள் வந்து, லாயல் மில்லும் லட்சுமி மில்லும் ஊரின் அடையாளங்களாகவே ஆயின.

ஆலை என்றதும் தூத்துக்குடியின் 1908 நினைவுக்கு வரும். கோரல் மில் தொழிலாளர்கள் பிப்ரவரி 27 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் இந்தியத் தொழிலாளர் வரலாற்றின் முதல் அத்தியாயங்களில் ஒன்று. அதை முன்னின்று நடத்திய வ.உ.சி.யைத் தூத்துக்குடிக்காரராகவே உலகம் அறிகிறது. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற கப்பல்களைக் கொண்டுவந்தவர் கடற்கரையில் பிறந்தவரில்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையில், கரிசல் மண்ணில் உள்ள ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். கடலுக்குச் சுதேசிக் கப்பல் கரிசலிலிருந்து வந்தது. மறுபக்கம், கடலோரத்து ஆலைக் கனவு கரிசலுக்குள்ளும் நுழைந்து ஒரு குடும்பத்தைச் சாய்த்திருக்கிறது. எட்டயபுரத்தில் பாரதியின் தந்தை சின்னசாமி ஐயர் பருத்தி ஆலை ஒன்றைத் தொடங்கி நொடித்துப்போனார். ஆலையில் ஒருவர் தொழிலாளர் பக்கம் நின்று சிறை போனார். ஆலையால் இன்னொருவர் வீடு வறுமைக்குள் போயிற்று. வ.உ.சி.யும் பாரதியும் நண்பர்களாக இருந்ததைக் கொள்கை கொண்டு விளக்குவது வழக்கம். இருவர் வாழ்விலும் பருத்தி குறுக்கிட்டதையும் சேர்த்துக்கொண்டால் அந்த நட்பின் பின்னணி இன்னும் துலங்கும்.

இந்தக் கதையின் கடைசிக் காட்சியும் அதே ரயில் பாதையில்தான் நடந்தது. தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்து சுதேசி இயக்கத்தோடு மோதிய ஆஷ், பின்னர் திருநெல்வேலி ஆட்சியரானார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் வாஞ்சிநாதன் அவரைச் சுட்டார். மணியாச்சி, கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் உள்ள சந்திப்பு. சுட்டவர் பெயரை இன்று ரயில் நிலையம் தாங்குகிறது, சுடப்பட்டவருக்கு எழுப்பிய நினைவு மண்டபம் தூத்துக்குடியில் நிற்கிறது. ஒரே சம்பவத்துக்கு ஒரே பாதையில் இரண்டு நினைவுச் சின்னங்கள்!

வழிபாட்டிடங்களை ஒப்பிட்டால் வேற்றுமை முதலில் பெரிதாகத் தெரியும். கோவில்பட்டியின் செண்பகவல்லி அம்மன் உடனுறை பூவனநாதர் கோயிலின் கதை மண்ணிலிருந்து தொடங்குகிறது: களாக்காட்டில் கிடைத்த லிங்கம், காடு திருத்திக் கோயில் எடுத்த செண்பக பாண்டியன். தூத்துக்குடிப் பனிமய மாதாவின் கதை கடலிலிருந்து தொடங்குகிறது: மணிலாவிலிருந்து 1555-ல் கப்பலில் வந்த திருவுருவம், 1713 ஆகஸ்ட் 5 அன்று அர்ச்சிக்கப்பட்ட ஆலயம். ஒன்று நிலத்தில் தோன்றியது, ஒன்று நீரில் வந்தது.

இனி ஒற்றுமைக்கு வருவோம். பெயருக்குச் சிவன் கோயில் என்றாலும் கோவில்பட்டியில் ஆட்சி செண்பகவல்லி அம்மனுடையது. ஊரில் கோயிலைச் சொல்வதும் அவள் பெயரால்தான். தூத்துக்குடியிலும் ஊர் ஒரு தாயின் பெயரால்தான் கூடுகிறது. செண்பகவல்லிக்குப் பங்குனியில் தேர் என்றால், மாதாவுக்கும் தேர் உண்டு; பரதவர் தலைமையில் 1806-ல் முதன்முதலாகப் பொன்தேர் ஓடியது. கத்தோலிக்க ஆலயத்துக்குக் கொடியேற்றம், பல நாள் திருவிழா, வடம் பிடித்து இழுக்கும் தேர் என்று அமைந்திருப்பதைப் பார்த்தால், இந்தக் கரைக்குக் கத்தோலிக்கத்தைக் கொண்டுவந்த போர்த்துக்கீசியர் கொடுத்தது எவ்வளவு, பரதவர் கொண்டுவந்து சேர்த்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆகஸ்ட் 5 அன்று மாவட்டம் முழுவதற்கும் உள்ளூர் விடுமுறை. அன்றைக்குக் கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் மாதாவின் புண்ணியத்தில் ஒரு நாள் லீவு.

இதுவரை பார்த்த ஒற்றுமைகள் எதிர்பார்க்கக்கூடியவை. இரண்டு ஊர்களின் உழைப்பைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கும்போதுதான் வியப்பு வருகிறது. உப்பளத்தையும் தீப்பெட்டி ஆபீசையும் அருகருகே வையுங்கள். 1920-களில் சிவகாசியில் வேர்விட்ட தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று கரிசல் முழுவதும் பரவியது. இங்குள்ளவர்கள் அதைத் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். கையால் செய்த காலத்தில், சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக நெருக்கி அடுக்கி, இறுக்கி, நுனியை மெழுகில் தோய்த்து, மருந்தில் முக்கி, காயவைப்பார்கள். காற்றில் ஈரம் ஏறினால் மருந்து காயாது, பெட்டியின் பசை பிடிக்காது. உப்பளத்தில் கடல்நீரைப் பாத்தி பாத்தியாகக் கடத்திக் கெட்டியாக்கி, கடைசிப் பாத்தியில் உப்புப் பூத்ததும் பலகையால் வாரி வரப்பில் சேர்த்து அம்பாரமாகக் குவிப்பார்கள். ஒரு மழை பெய்தால் விளைந்தது மறுபடி தண்ணீராகும்.

ஆக, மழையை வேண்டும் ஊர் கோவில்பட்டி என்று தொடக்கத்தில் சொன்னதில் பாதிதான் சரி. மழையை வேண்டுவது அதன் காடு. வெயிலை வேண்டுவது அதன் ஆபீஸ். ஒரே வீட்டில் தகப்பன் வானத்தைப் பார்த்து ஏங்க, மகள் வேலைபார்க்கும் இடத்தில் வானம் வெளுத்திருக்க வேண்டும். கடற்கரையில் உப்பளம் எந்த வறட்சியை மூலதனமாக்கியதோ அதையே கரிசலில் தீப்பெட்டியும் மூலதனமாக்கியது. விவசாயம் கைவிட்ட மாதங்களில் கூலிக்கு ஆள் கிடைத்ததும், ஈரமில்லாத காற்றும்தான் இந்தத் தொழில் இங்கே நிலைக்கக் காரணங்கள். இரண்டு இடத்திலும் அந்த ஆட்களில் பெரும்பகுதி பெண்கள். உப்பளத்துப் பெண்ணுக்கு வெள்ளையில் பட்டுத் தெறிக்கும் வெயிலால் கண் கூசும், உப்புநீரில் நின்று பாதம் வெடிக்கும். தீப்பெட்டி ஆபீசில் விரல்நுனி தேயும், மருந்து நெடி மூக்கில் ஏறும். பள்ளி வயதுப் பிள்ளைகளின் உழைப்பும் அதில் நெடுங்காலம் கலந்திருந்தது. இன்று இயந்திரங்கள் வந்துவிட்டன. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் 2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது. மலிவு லைட்டர்களின் போட்டியைத் தடுக்க 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை 2023-ல் மத்திய அரசு தடைசெய்தது. உப்புக்கும் தீப்பெட்டிக்கும் இன்னொரு பொருத்தமும் உண்டு: இரண்டும் எல்லா வீட்டு அடுப்பங்கரையிலும் இருப்பவை, விலை ஏறினால் ஊரே பேசும் அளவுக்கு மலிவானவை.

அடுப்பங்கரையிலிருந்து பலகாரக் கடைக்குப் போனால் இந்த உறவு இன்னும் நெருங்குகிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தூத்துக்குடி மக்ரூன் அதற்கு வெகுமுன்பே மக்களிடம் பேர் வாங்கிவிட்டது. வறுத்த நிலக்கடலையை வெல்லப்பாகில் இட்டு இறுக்கினால் கடலைமிட்டாய்; முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு அடித்து, பொடித்த முந்திரி சேர்த்து, கூம்பாகப் பிழிந்து இளஞ்சூட்டில் விட்டுவைத்தால் மக்ரூன். ஒன்று பல்லுக்கு வேலை வைக்கும், மற்றது நாக்கில் பட்டதும் கரையும். ஒன்று சைவம், மற்றது முட்டை. ஆனால் நிலக்கடலையும் முந்திரியும் இரண்டுமே தென்னமெரிக்கச் செடிகள். கடல் கடந்து வந்தவை. முந்திரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். அசல் நாட்டுப் பண்டமென்று நாம் நினைக்கும் கடலைமிட்டாயும், பரங்கிப் பண்டமென்று நினைக்கும் மக்ரூனும் பிறப்பில் ஒரே கண்டத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் எதிரி ஒன்றே. காற்றுப் புகாத டப்பாவில் வைக்காவிட்டால் மழைக்காலத்தில் இரண்டும் நமுத்துப்போகும். தீக்குச்சியும் அப்படித்தான். வறண்ட காற்று இந்த மாவட்டத்தின் பலகாரத்தில்கூடக் கைவைத்திருக்கிறது.

மொழியிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. இது பலரும் கவனிக்காதது. பதினாறாம் நூற்றாண்டில் தூத்துக்குடியை உள்ளடக்கிய முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த போர்த்துக்கீசியப் பாதிரியார் என்றிக்கே என்றிக்கஸ், 1578-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற நூலைத் தமிழாக்கியவர். அதற்கு முன்பே அவர் போர்த்துக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதியிருந்தார். நன்னூல் வழிப்பட்ட செந்தமிழை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கடற்கரையில் பரதவர் பேசிய தமிழைத்தான் கேட்டு எழுதினார். நானூறு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளியில், கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதி தொகுத்தார். ஒருவர் வெளியிலிருந்து வந்து மொழி பழக வேண்டிக் காது கொடுத்தவர். மற்றவர் உள்ளேயே பிறந்து, தம் மக்கள் மொழி ஏட்டில் ஏறவேண்டும் என்று காது கொடுத்தவர். நோக்கம் வேறு, செய்த காரியம் ஒன்று: படித்தவர்கள் ஒதுக்கிய பேச்சுத் தமிழை எழுத்தில் பதிந்தார்கள். கு. அழகிரிசாமி, பூமணி, சோ. தர்மன் என்று சாகித்ய அகாதெமி விருது பெற்ற எழுத்தாளர் வரிசையையே கரிசல் கொடுத்ததற்கு, பேச்சின் மேல் கொண்ட இந்த மதிப்பும் ஒரு காரணம்.

இவ்வளவு ஒற்றுமைக்குப் பிறகும் ஒரு வேற்றுமை கரையாமல் நிற்கிறது. தூத்துக்குடியின் சின்னங்கள் யார் யார் வந்தார்கள் என்று சொல்கின்றன. போர்த்துக்கீசியர் வழியாக வந்த மாதா, 1658-ல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1750-ல் கட்டிய திரித்துவ ஆலயம், ஆங்கிலேயரின் ஆலை, 1974-ல் பெருந்துறைமுகமாகி இன்று வ.உ.சி. பெயரைத் தாங்கும் புதுத் துறைமுகம். தெருவில் நடந்தாலே வரலாற்றைக் காலவரிசையில் படிக்கலாம். கோவில்பட்டியின் சின்னங்கள் என்ன செய்தார்கள் என்று சொல்கின்றன. ஆராய்ச்சி நிலையம், ஆலை, தீப்பெட்டி ஆபீஸ், மிட்டாய்க் கடை, ஹாக்கி மைதானம் எல்லாமே இன்னும் வேலை நடக்கும் இடங்கள். ஆங்கிலேயர் கொண்டுவந்ததில் தூத்துக்குடிக்குக் கட்டடங்கள் மிஞ்சின. கோவில்பட்டிக்கு ஒரு விளையாட்டு மிஞ்சியது. ஹாக்கி மட்டையோடு பிள்ளைகள் செயற்கைப் புல்தரைக்குப் போகும் ஊர் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கும்?

நிர்வாகத்திலும் ஏற்றத்தாழ்வு உண்டு. தூத்துக்குடி 1866-லேயே நகராட்சி, 2008-ல் மாநகராட்சி. 1986-ல் மாவட்டம் பிரிந்தபோது அதன் தலைநகரமும் அதுவே. குடிதண்ணீர் விஷயத்தில் மட்டும் இரண்டும் சமம். கடல் பக்கத்தில் இருந்தும் தூத்துக்குடிக்கு அதைக் குடிக்க முடியாது. கரிசலில் கிணறு வெட்டினால் உவர். வல்லநாட்டிலிருந்து ஓர் ஊருக்கும் சீவலப்பேரியிலிருந்து மற்றோர் ஊருக்கும் குழாயில் வருவது தாமிரபரணிதான். கடலைமிட்டாயின் புவிசார் குறியீட்டு விவரத்திலேயே தாமிரபரணித் தண்ணீர் இடம்பெற்றிருக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி அந்த ஆறு கரைபுரண்டபோது தூத்துக்குடி நகரம் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. வறட்சியை வைத்துப் பிழைக்கக் கற்ற ஒரு நிலத்துக்கு, மிகுதியான மழையை எங்கே வைப்பதென்று இன்னும் தெரியவில்லை என்பதை அந்த வாரம் காட்டியது.

எடைபோட்டு முடிவு சொல்வதானால், வரலாற்றைக் கண்ணால் காட்டுவதில் தூத்துக்குடி முந்துகிறது; வரலாற்றைக் கையால் தொடர்வதில் கோவில்பட்டி முந்துகிறது. ஆனால் ஒன்றை விட்டு மற்றதை எழுதினால் இரண்டு வரலாறும் குறைபடும். துறைமுகம் ஏன் எழுந்தது என்ற கேள்விக்கு விடையில் ஒரு பாதி கரிசல் பருத்தியில் இருக்கிறது. கரிசல் ஏன் பணப்பயிருக்கு மாறியது என்பதற்கு விடையில் ஒரு பாதி துறைமுகத்தில் இருக்கிறது. பனிமய மாதாவையும் பழைய துறைமுகத்தையும் பார்க்க ரயிலேறுகிறவர்கள் பெரும்பாலும் கோவில்பட்டியில் இறங்குவதில்லை. கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை ஜன்னல் வழியே வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அடுத்த முறை போகிறவர்கள் அங்கே ஒரு பகல் இறங்கி, செண்பகவல்லி சன்னதியையும் ஆலைகளையும் ஆராய்ச்சி நிலையத்தின் பருத்தி வயலையும் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போகட்டும். தூத்துக்குடியின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.